மூக்கில் எரியாத புகைதான் நெஞ்சுக்குள் இறங்கும்

கேள்வி சுருக்கமாக இது. யாழ் நகரில் நகைப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் உங்கள் தம்பி, நேற்றுப் பின்னேரம் பழைய பொன்னை அசிற்றில் கரைத்துக்கொண்டிருந்தபோது பழுப்புப் புகை எழும்பியிருக்கிறது. பத்து நிமிடமளவில் அதற்குள்ளேயே இருந்து வேலையை முடித்தாராம். கொஞ்சம் இருமினார், பால் குடித்தார், இப்போது களைப்பைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார். நீங்கள் வேலை செய்யும் விடுதியிலும் மலசலகூடம் கழுவுகிறவர்களுக்கு அடிக்கடி மூச்சு முட்டுகிறது. பயப்பட வேண்டுமா, துணி மாஸ்க் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தம்பி. இதை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவரை இப்போதே யாழ் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சைக்கிள் மிதித்தோ, மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டியோ அவர் போகக்கூடாது. மூச்சு வாங்குகிறது என்றால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வைத்தியரிடம் “புகை பிடித்துவிட்டது” என்று மட்டும் சொன்னால் விறகுப் புகை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. “நைத்திரிக் அமிலத்தில் உலோகம் கரைத்தபோது வந்த பழுப்புப் புகை, நைதரசன் ஈரொட்சைட்டு, பத்து நிமிடம், நேற்று இத்தனை மணிக்கு” என்று சொல்லுங்கள். அந்த நேரம்தான் மிக முக்கியமான தகவல்.

நன்றாக இருக்கிறேன் என்கிறவரை ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால், இந்த வாயு அப்படித்தான் ஏமாற்றும்.

எரிச்சலூட்டும் வாயுக்கள் எல்லாம் உடம்பில் ஒரே இடத்தைத் தாக்குவதில்லை. எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த வாயு தண்ணீரில் எவ்வளவு சுலபமாகக் கரைகிறது என்பதுதான். கண், மூக்கு, தொண்டை எல்லாம் ஈரமான இடங்கள். அமோனியா, ஐதரசன் குளோரைட்டு, கந்தகவீரொட்சைட்டு போன்றவை நன்றாகக் கரைபவை. அவை வாசலிலேயே, அந்த ஈரத்திலேயே கரைந்து எரிக்கும். கண்ணைத் திறக்க முடியாது, தொண்டை இறுகும், ஆள் தானாகவே வெளியே ஓடிவிடுவார். குளோரீன் நடுத்தரமாகக் கரையும். மூக்கையும் எரிக்கும், மூச்சுக் குழாய்களுக்குள்ளும் இறங்கும். நைதரசன் ஈரொட்சைட்டு, பொசுஜீன், ஓசோன் மூன்றும் நன்றாகக் கரையாதவை. வாசலில் பெரிய எரிச்சல் காட்டாமல் கடந்துபோய், காற்றும் இரத்தமும் வாயு மாற்றிக்கொள்ளும் சிற்றறைகள்வரை இறங்கி, அங்கே மெதுவாக வேலையைத் தொடங்கும். ஆகவே மூக்கில் எவ்வளவு எரிந்தது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. குறைவாக எரிந்ததால்தான் தம்பி பத்து நிமிடம் அங்கேயே இருக்க முடிந்தது.

பட்டறையில் நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். பொன்னைச் சுத்திகரிக்கும்போது, அதில் தங்கம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக வரும்வரை வெள்ளியோ செம்போ சேர்த்து உருக்கி, பிறகு நைத்திரிக் அமிலத்தில், அதாவது பழைய ஆட்கள் வெடியுப்புத் திராவகம் என்கிற அசிற்றில், போடுவார்கள். தங்கம் கரையாது. மற்ற முக்கால் பங்கும் கரையும், கரையும்போது புகையாகும். செறிந்த அமிலத்தில் 1 கிராம் செம்பு முழுவதும் கரைந்தால் ஏறத்தாழ முக்கால் லீற்றர் நைதரசன் ஈரொட்சைட்டு வரும். 5 கிராம் செம்பு என்று வையுங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமான, சன்னல் சாத்திய அறைக்குள் அது பரவினால், பத்து இலட்சம் பங்கு காற்றில் சுமார் 135 பங்கு, அதாவது 135 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று, அமெரிக்காவில் வேலைத்தளப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் இந்த வாயுவுக்கு வைத்திருக்கும் எல்லை 13 பிபிஎம். வேலை நேரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் தாண்டக்கூடாத அளவு 1 பிபிஎம். ஐந்தே ஐந்து கிராம் செம்பு, அந்த ஆபத்து எல்லையின் பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. வெள்ளியும் இதே புகையைத்தான் தரும். அமிலத்தை நீர்த்துப் போட்டால் முதலில் நிறமில்லாத நைத்திரிக் ஒட்சைட்டு எழும்பும். அது குடுவையின் வாயில் காற்றைத் தொட்டதும் பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தட்டார் வேலை பெரும்பாலும் நிலத்திலோ தாழ்ந்த பலகையிலோ இருந்து செய்யும் வேலை. இந்தப் புகை சூட்டோடு மேலே எழும்பும், ஆறியதும் இறங்கும். அது காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம். இறங்கித் தங்குவது இருந்து வேலை செய்கிறவரின் மூக்கு மட்டத்தில். மேலே சுழலும் சீலிங் ஃபேன் அதை வெளியேற்றாது, அறை முழுக்கக் கலக்கிவிடும்.

இனி உடம்புக்குள் நடப்பது. முதல் மணித்தியாலங்களில் லேசான இருமல், குமட்டல், தலையிடி, களைப்பு. பிறகு ஒரு அமைதி வரும். ஆள் சாப்பிடுவார், படுப்பார். மூன்று மணித்தியாலத்தில் இருந்து முப்பது மணித்தியாலத்துக்குள் எப்போதும் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கலாம். மூச்சு வாங்கும், சளி நுரையாக வரும், சிலவேளை இளஞ்சிவப்பாகவும் வரும், உதடு நீலம் பாயும். இரவில் படுத்த படுக்கையில் இது நடந்தால், விடியும்போது கை மீறிப் போயிருக்கும். அதனால்தான் இந்த வாயு பட்டவரைக் குறைந்தது 24 மணித்தியாலம் கண்காணிப்பில் வைப்பது. முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் விடுதலை என்று எண்ணக்கூடாது; ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது ஒட்சிசன் அளவு சரியாக இருந்தாலும், சற்று நடக்கவைத்து அளக்கும்போது இறங்கினால், உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். இந்த வாயு இரத்தத்தின் ஈமோகுளோபினை, ஒட்சிசனைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக மாற்றவும் கூடும். அப்போது விரலில் மாட்டும் மீற்றர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

பாலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நல்ல மனதோடு செய்யப்படும் பிழை. குடித்த பால் இரைப்பைக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் “பால் குடிச்சாச்சு, இனிப் பயமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது உயிரைக் கொண்டுபோகக்கூடிய ஆறுதல். அப்பச்சோடாவைக் கொதிநீரில் போட்டு ஆவி பிடிப்பதும் உதவாது. குளோரீன் பட்டவர்களுக்கு வைத்தியசாலையில் சோடியம் இருகாபனேற்றை நெபுலைசரில் கொடுப்பது உண்டு. அது வேறு, சோடாவும் சட்டியும் வேறு. இந்த வாயுக்களுக்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. சுத்தக் காற்று, ஓய்வு, ஒட்சிசன், மூச்சுக்குழாய் இறுகினால் சல்பியூற்றமோல், தேவைப்பட்டால் ஸ்டீரொயிட், இன்னும் மோசமானால் செயற்கைச் சுவாசம், இவ்வளவுதான். ஓய்வை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஓடுவதும் பாரம் தூக்குவதும் கோக்கின்ற நீரைக் கூட்டும்.

அடுத்தது விடுதி. குளோரீன் என்றால் எங்கள் பக்கத்தில் பலருக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். இன்று குளோரீன் பிறக்கும் இடம் மலசலகூடத்துக் கோப்பை. சுண்ணாம்புக்கல் நிலம், கல்லுப்பிடிக்கும் தண்ணீர். கோப்பையில் மஞ்சள் கறை படியாமல் இருக்காது. கறை போக ஒருவர் அமிலக் கழுவியை ஊற்றுகிறார். அதில் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலம். வெண்மை வரட்டும் என்று அதே கோப்பையில் பிளீச்சையும் ஊற்றுகிறார். இரண்டும் சேர்ந்த கணத்தில் குளோரீன். 5 வீதப் பிளீச் 100 மில்லிலீற்றரில் இருந்து ஒன்றரை லீற்றருக்கு மேல் குளோரீன் வாயு வெளிவரலாம். நான்கடிக்கு ஐந்தடி, எட்டடி உயரமான அறையில் அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் காற்றில் கலந்தாலே 35 பிபிஎம்மைத் தாண்டும். உடனடி ஆபத்து எல்லை 10 பிபிஎம். அது காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், கோப்பைக்கு மேல் குனிந்து தேய்க்கிறவரின் முகத்தடியிலேயே தேங்கும். மூத்திர நாற்றம் உள்ள இடத்தில் பிளீச் ஊற்றினால் குளோரமைன் வரும், அதுவும் மூச்சை இறுக்கும்.

ஆகவே விடுதியில் ஒரு விதி போதும்: ஒரு நாளில் ஒரு இடத்துக்கு ஒரு போத்தல். அமிலம் பாவிக்கும் நாளில் பிளீச் அலமாரியில் பூட்டியிருக்கட்டும். “நல்லாய்க் கழுவிவிட்டு மற்றதை ஊத்தலாம்தானே” என்பார்கள். கோப்பையின் வளைவுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு முறை ஃபிளஷ் செய்தால் முழுக்க மாறிவிடும் என்று நான் நம்பமாட்டேன். சோடாப் போத்தலில் மாற்றி ஊற்றி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தவறுதலாகக் கலந்துவிட்டால், துடைக்க நிற்காமல் கதவைத் திறந்துவிட்டு வெளியேறி, அரை மணித்தியாலமாவது யாரையும் உள்ளே விடாதீர்கள்.

மாரி வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்குக் குளோரீன் போடும் வேலையிலும் இதே வாயுதான். தூளை வாளித் தண்ணீரில் கரையுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். காற்று முதுகில் படும்படி நின்று கரையுங்கள். கரைசலை ஊற்றியபின் எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது.

ஐஸ் தொழிற்சாலைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குருநகரோ மயிலிட்டியோ, மீன்பிடித் துறை உள்ள ஊரில் இதை வாசிக்கும் ஒருவருக்காவது இது தேவைப்படும். பெரிய ஐஸ் கட்டி போடும் இயந்திரங்களில் பல அமோனியாவில் ஓடுபவை. திரவ அமோனியா 1 லீற்றர், வாயுவாகும்போது 800 மடங்குக்கு மேல் விரியும். விபத்து அதிகம் நடப்பது எண்ணெய் வடிக்கும்போது. கம்பிரசர் எண்ணெய் அமோனியாவோடு போய்க் குளிரான பாத்திரங்களின் அடியில் தேங்கும். அதைக் காலத்துக்குக் காலம் வடிக்கவேண்டும். குளிரில் இறுகிய எண்ணெய் வாயை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் வரவில்லையே என்று வடிக்கிறவர் வால்வை இன்னும் கொஞ்சம் திறப்பார். அடைப்பு விலகிய கணம், பின்னால் நின்ற திரவ அமோனியா முகத்தில் பாயும். தடுக்கும் வழி: வடிக்கமுதல் அந்தப் பாத்திரத்தின் வால்வுகளை மூடி மற்றவற்றில் இருந்து தனிப்படுத்தி அழுத்தத்தை இறக்குவது, கையை விட்டால் தானாக மூடும் வால்வு ஒன்றைப் பொருத்துவது, இரண்டு பேராகச் செய்வது, வால்வைத் திறந்துவிட்டு வெற்றிலை போட எழும்பாமல் இருப்பது.

அமோனியா காற்றைவிட லேசு. ஆனால் கசியும்போது கடுங்குளிராக இருப்பதாலும் எங்கள் கரையோரக் காற்றின் ஈரத்தாலும் வெள்ளைப் புகாராக நிலத்தோடு படரும். அதனால் காற்றுக்குக் குறுக்கே போய், பிறகு காற்று வரும் பக்கம் ஏறவேண்டும். தென்மேற்குச் சோளகம் அடிக்கும் மாதங்களில் சரியான வாசல், வாடைக் காலத்தில் பிழையான வாசல். ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வாசல்களும், கூரைமேல் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு துணிக்கொடியும் வேண்டும் என்பது இதற்காகத்தான். புகாரின்மேல் தண்ணீரைத் தூவலாம், அது வாயுவைக் கரைத்து இறக்கும். நிலத்தில் தேங்கிய திரவத்தின்மேல் அடிக்கக்கூடாது, கொதித்து இன்னும் எழும்பும். கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் அரை மணித்தியாலம் கழுவவேண்டும். காரம் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும், பார்வையையே எடுத்துவிடும். எலுமிச்சம்புளி, வினாகிரி எதுவும் வேண்டாம். வாயுவை ஆழமாக இழுத்தவரின் குரல் கம்மினாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, தொண்டை வீங்கி அடைக்கப்போகிறது. ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வெல்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குளோரீன் சேர்ந்த கிறீஸ் நீக்கியால் துடைத்த இரும்பை, அது முழுக்கக் காயமுன் ஒட்டினால், ஆர்க்கின் ஒளியும் சூடும் அந்த ஆவியில் இருந்து பொசுஜீனை உண்டாக்கும். குளிரூட்டி திருத்துகிறவர்கள் குளோரீன் சேர்ந்த குளிரூட்டி வாயு நிற்கும் குழாயில் சுவாலை வைத்தாலும் அமில வாயுக்களோடு அதுவும் வரலாம். இது தம்பியின் பழுப்புப் புகையைப்போல, எரிக்காமல் உள்ளே போய் மணித்தியாலங்கள் கழித்துத் தாக்கும் இனம்.

மலக்குழியில் உள்ள ஐதரசன் சல்பைட்டு அழுகிய முட்டை மணம். செறிவு 100 பிபிஎம்மை எட்டும்போது மூக்கின் மண உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். மணம் நின்றது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற அந்தக் கணம்தான் மிகக் கொடியது. விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். கயிறும் மூச்சுக் கருவியும் இல்லாமல் இறங்கக்கூடாது.

மாஸ்க் கேள்விக்கு வருகிறேன். துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க், என்95 மூன்றும் வாயுவைத் தடுக்காது. என்95 தூசியைப் பிடிக்கும்; வாயு அதனூடாக வரும். ஈரத்துணி, அமோனியாவிலோ குளோரீனிலோ இருந்து வெளியேறும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஓரளவு உதவும். நைதரசன் ஈரொட்சைட்டுக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் அது ஈரத்தில் நன்றாகக் கரையாது. கார்ட்ரிஜ் பூட்டும் ரப்பர் மாஸ்க்தான் வாயுவுக்கு. ஐரோப்பிய நிறக் குறியில் அமோனியாவுக்குப் பச்சை, குளோரீனுக்குச் சாம்பல், கந்தகவீரொட்சைட்டுக்கு மஞ்சள். பழுப்பு நிறக் கார்ட்ரிஜ் பெயின்ற், தின்னர் ஆவிக்கானது. “பழுப்புப் புகைக்குப் பழுப்பு” என்று வாங்கிவிடாதீர்கள். நைதரசன் ஒட்சைட்டுகளுக்கு நீலமும் வெள்ளையும் சேர்ந்த தனி வகை உண்டு, அதுவும் ஒரு தடவைக்கு மட்டும். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் ஒட்டாது. உறை பிரித்த கார்ட்ரிஜை மேசையில் திறந்து வைத்தால் சும்மாவே தீர்ந்துபோகும்.

பட்டறைக்கு மாஸ்க்கைவிட முதலில் வேண்டியது ஒரு புகைப்பெட்டி. மூன்று பக்கமும் மேலும் மூடி, முன்பக்கம் இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு மட்டும் திறந்த பெட்டி. உள்ளே குடுவை, வெளியே ஆள். அந்த வாயினூடாகக் காற்று நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் உள்ளே போகவேண்டும். அதாவது நிமிடத்துக்கு 300 கன அடி இழுக்கும் விசிறி. குழாய் பிவிசியாக இருக்கட்டும், தகரத்தை இந்தப் புகை தின்றுவிடும். வெளிவாய் கூரைக்கு மேலே, அயல்வீட்டுச் சன்னலைப் பாராமல் இருக்கவேண்டும். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வாயில் பிடியுங்கள். புகை நேராக உள்ளே ஓடவேண்டும். தயங்கி மேலே சுருண்டால் விசிறி போதாது. உலோகத்தை ஒரேயடியாகப் போடாமல் துண்டு துண்டாகப் போடவேண்டும், முந்தியது அடங்கியபின் அடுத்தது. நீர்க்கும்போது அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்றவேண்டும். சிந்தினால் மரத்தூள் போடாதீர்கள்; நைத்திரிக் அமிலம் பட்ட மரத்தூள் தானே தீப்பிடிக்கும், பழுப்புப் புகையும் கக்கும். மணல் போடுங்கள். மிஞ்சிய அசிற்றை வளவில் ஊற்றுவது இன்னொரு கொடுமை: கீழே சுண்ணக்கல், அதன் கீழே நாங்கள் குடிக்கும் தண்ணீர், அதில் ஏற்கெனவே நைத்திரேற்று கூட.

ஒரே நாள் பெரிய அளவில் இழுப்பது ஒருபுறம். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது மறுபுறம். விடுதியில் மூச்சு முட்டுகிறவர்களை அதற்காகவும் கவனிக்கவேண்டும். ஒரு பெரிய தாக்கத்துக்குப் பிறகு 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, மூன்று மாதமாகியும் விடாத இருமலும் இழுப்பும் ஒரு தனி ஆஸ்துமா வகை என்று 1985 இல் புரூக்ஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் விவரித்தார்கள். முன்பு ஆஸ்துமா இல்லாதவருக்கும் அது வரும். பிறகு அவருக்குச் சமையல் தாளிப்பும் சாம்பிராணியும்கூட ஒத்துக்கொள்ளாது. சிறு அளவு நாளாந்தம் இழுப்பவருக்கு நாட்பட்ட இருமல், சளி. அமில ஆவியில் இருப்பவருக்கு முன்பற்களின் மிளிரி, அதாவது எனாமல், தேய்ந்து பல் கூசும். வேலைதான் காரணமா என்று அறிய, ஊதிப் பார்க்கும் பீக் ஃபுளோ மீற்றர் ஒன்று போதும். நாளுக்கு நாலு தடவை, குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம், லீவு நாட்களையும் சேர்த்து எழுதுங்கள். வேலை நாட்களில் இறங்கி லீவில் ஏறினால் அந்தத் தாளோடு நெஞ்சுநோய் வைத்தியரிடம் போங்கள்.

தம்பி வீடு திரும்பும்போது கிடைக்கும் டயக்னோசிஸ் கார்டில், அதாவது நோய் விபர அட்டையில், வாயுவின் பெயர், நடந்த திகதி, வேலைத்தளம் என்ற விபரம் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிறகு ஏதும் கேட்க நேர்ந்தால் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான். இன்னொரு திகதியையும் நீங்களே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: நேற்றில் இருந்து ஆறாவது வாரம். இந்த வாயு பட்டவர் முழுக்கத் தேறியபின், இரண்டாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில், காய்ச்சல், வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குவது என்று மீண்டும் தொடங்கலாம். அது நுண்ணிய மூச்சுக் குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய். தடிமன் என்று நினைத்து மருந்துக்கடையில் குளிசை வாங்கிக் கொடுக்காமல், அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிப் போங்கள்.